ஆறு மணிக்கு மேல் ஒகேனக்கல்

மாயவரத்துக்காரர்களுக்குக் காவிரி என்றால் துலாக்கட்டத்துப் படிக்கட்டு. ஆடியில் பதினெட்டாம் பெருக்கு, ஐப்பசியில் கடைமுழுக்கு. மற்றபடி வருஷத்தில் பாதி நாள் மணல், மீதி நாள் முறை வைத்து வரும் தண்ணீர். பூம்புகாரில் கடலைத் தொடும்போது ஆறு இளைத்து, எட்டித் தாண்டிவிடலாம் போல இருக்கும். கடைமடையில் வளர்ந்த ஒருவனை இதே ஆறு தமிழ்நாட்டுக்குள் நுழையும் வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, இதுவும் அதுதான் என்றால் நம்ப மாட்டான். நான் நம்பவில்லை.

ஒகேனக்கல் போனவர்கள் எல்லோரும் அருவியைப் பற்றி எழுதிவிட்டார்கள். நானும் கொஞ்சம் எழுதத்தான் போகிறேன், தப்பிக்க வழியில்லை. ஆனால் ஊர் திரும்பிய பிறகும் மனத்தில் சுற்றிக்கொண்டிருப்பது அருவிக்குப் பக்கத்தில் பாதி விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்த பழைய தங்கும் விடுதிகள்தான்.

தருமபுரியில் பேருந்து ஏறினால் அதியமான்கோட்டை, இண்டூர், அப்புறம் பென்னாகரம். வாய்க்கால் கண்ணில் படாமல் இவ்வளவு தூரம் போக முடியும் என்பதே டெல்டாக்காரனுக்கு முதல் அதிசயம். புளியமரம், மாந்தோப்பு, நிலக்கடலை, கேழ்வரகு, மரவள்ளி. நிலத்துக்கு நடுவே திடீரென்று ஒரு பாறைக் குன்று, அதன் மேல் ஒரு கோயில். எல்லாம் வானத்தைப் பார்த்த பூமி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, மடியில் ஒரு மூட்டையோடு, எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். "அது எங்க இருக்குது?" என்றார். காவேரி கடலில் சேர்கிற இடத்துக்குப் பக்கம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவ்ளோ தூரமா போவுது அது!" என்றார். எங்களுக்கு ஆறு எங்கிருந்து வருகிறது என்பது வியப்பு. அவருக்கு எங்கே போகிறது என்பது.

பென்னாகரம் சந்தை ஊர். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்களும் திருப்பூருக்குத் துணி வேலைக்குப் போகிறவர்களும் ஏறி இறங்கும் ஊர். பக்கத்துப் பாப்பாரப்பட்டியில்தான் சுப்பிரமணிய சிவா பாரத மாதாவுக்குக் கோயில் கட்டும் கனவோடு இருந்து, 1925-ல் கண்ணை மூடினார். இதே வட்டாரத்தில் இன்னொரு பழைய கதையும் உண்டு. மலைக்குக் கீழே காவிரி ஓடிக்கொண்டிருக்க, மேலே இருந்த சனம் புளோரைடு கலந்த கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்டுப்போனார்கள். ஜப்பான் கடனுதவியோடு 1,928 கோடி ரூபாய் மதிப்பில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013-ல் திறக்கப்பட்ட பிறகுதான் ஆற்றுத் தண்ணீர் இந்த மேட்டுக்கு ஏறி வந்தது. டீக்கடையில் ஒரு டம்ளர் தண்ணீரை வாங்கிக் குடித்தபோது அது தெரிந்தே குடித்தேன்.

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் சுமார் 16 கிலோமீட்டர். பாதித் தூரம் போனதும் சாலை காட்டுக்குள் இறங்குகிறது. வளைவுக்கு வளைவு குரங்குகள், 'யானைகள் கடக்கும் பகுதி' பலகை, முட்புதர், உலர்ந்த மூங்கில். காற்றில் சூடு ஏறுகிறது. மலையேறினால் குளிரும் என்று பழகிய உடம்புக்கு, மலையிறங்கி ஒரு சுற்றுலாத் தலத்தை அடைவது விசித்திரமாக இருக்கிறது. ஊட்டியும் கொடைக்கானலும் ஏற்காடும் வெள்ளைக்காரன் வெயிலுக்குப் பயந்து ஏறிய ஊர்கள். ஒகேனக்கலுக்கு அந்தச் சரித்திரம் கிடையாது. 1792-லிருந்து ஏழு வருஷம் தருமபுரியில் வேலை பார்த்த தாமஸ் மன்றோ அந்த ஊரில் தோட்டம் போட்டு, அதைப் பிரிய மனமில்லாமல் பிரிந்தான் என்பார்கள். அவனுக்குப் பின்னால் வந்த துரைகள் கோடையில் ஏற்காட்டுக்குத்தான் ஏறினார்கள். இங்கே வந்தவர்கள் ஆடிப் பதினெட்டுக்குச் சாமியைத் தூக்கிக்கொண்டு வந்த கிராமத்து சனமும், தை, ஆடி அமாவாசைக்குத் திதி கொடுக்க வந்தவர்களும்தான். தங்குவதற்குச் சத்திரத்துத் திண்ணை போதும் என்றிருந்தவர்கள்.

இனி அருவி. ஒரே அருவி என்று நினைத்துப் போகக் கூடாது. நூற்றுக்கணக்கான மைல் ஒரே உடம்பாக ஓடி வந்த ஆறு, இந்த இடத்தில் பாறைகளுக்குள் புகுந்து எத்தனையாகப் பிரிகிறது என்று எண்ணி முடியாது. மெயின் அருவி, சினி அருவி, ஐந்தருவி என்று பெயர் வாங்கியவை சில, பெயரில்லாதவை பல. பாறை இடுக்கில் வெள்ளையாக விழுந்து, கறுப்பாகச் சுழன்று, பச்சையாக வெளியே வருகிறது. தொங்கு பாலத்தில் நின்றால் கால் கீழே அதிர்வது தண்ணீராலா பாலத்தாலா என்று தெரியவில்லை. இந்த வட்டாரத்தில் காணப்படும் கார்பனடைட் பாறை சுமார் 240 கோடி ஆண்டு வயதானது, உலகில் அந்த வகையில் மிகப் பழையவற்றில் ஒன்று என்கிறார்கள் புவியியல்காரர்கள். அந்த எண்ணை மனத்தில் வாங்கிக்கொள்ள எனக்கு வழியில்லை. பாறையைக் கையால் தடவிப் பார்த்தேன். சுட்டது.

எங்கே திரும்பினாலும் எண்ணெய் வாசனை. அருவிக்குப் போகும் வழியில் அரைக்கால் சட்டையோடு ஆண்கள் பாறை மேல் குப்புறப் படுத்திருக்க, மசாஜ் தொழிலாளிகள் முதுகில் கைமுட்டியை வைத்து உருட்டுகிறார்கள். இன்னொரு பக்கம் மீன் வறுக்கும் கல். ஆற்று மீனை வாங்கிக் கொடுத்தால் அங்கேயே அடுப்பு மூட்டிக் குழம்பும் வறுவலும் செய்துதரும் பெண்கள் இருக்கிறார்கள். சமைக்கச் சொல்லிவிட்டு, எண்ணெய் தேய்த்து, குளித்து, பரிசலில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தால் சோறு தயார். ஐந்து நட்சத்திர விடுதிகளில் இதை ஒரு 'பேக்கேஜ்' என்று விற்பார்கள். இங்கே மரத்தடியில், பேரம் பேசிக் கிடைக்கிறது.

அன்றைக்கு ஞாயிறு. வேன்களும் கார்களும் மினி பேருந்துகளும் வந்து குவிந்திருந்தன. கர்நாடகப் பதிவெண் பாதிக்கு மேல். இவ்வளவு கூட்டத்தில் எங்கே அறை கிடைக்கப்போகிறது என்று பயந்துகொண்டேதான் விடுதிக்குள் நுழைந்தேன்.

விடுதியின் பெயர் வேண்டாம். சிவப்பு ஆக்ஸைடு தரை, நீண்ட தாழ்வாரம், அதில் வயர் பின்னிய நாற்காலிகள். சாவியோடு ஒரு பெரிய மரக்கட்டை, மறந்துபோய் யாரும் பையில் போட்டுக்கொண்டு போய்விடக் கூடாது என்று. கவுண்டரில் இருந்த பெரியவர் தலையைத் தூக்காமல் கேட்டார்: "குளிச்சு டிரஸ் மாத்தவா, முழு நாளுக்கா?"

ராத்திரி தங்க என்றேன். தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"தனியாவா?"

"ஆமாண்ணே."

"எந்த ரூம் வேணும்னாலும் எடுத்துக்குங்க சார். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல எல்லாமே காலிதான்."

அப்படித்தான் ஆயிற்று. பகலெல்லாம் அந்தத் தாழ்வாரத்தில் ஈரத் துணி சொட்டச் சொட்டக் குடும்பங்கள் போய் வந்தன. ஒரு அறைக்குள் பதினைந்து பேர் நுழைந்து, உடை மாற்றி, கட்டுச்சோற்றைப் பிரித்துத் தின்று, இரண்டு மணி நேரத்தில் வெளியேறினார்கள். உடனே ஒரு பையன் வாளியோடு போய்த் தரையைக் கழுவிவிட்டு அடுத்தவர்களுக்குத் திறந்துவிட்டான். ஐந்தரைக்குக் கடைசி வேன் கிளம்பியது. அப்புறம் அந்தக் கட்டடத்தில் நானும் பெரியவரும் வாளிப் பையனும்தான்.

ஆறு மணிக்கு வெளியே போனேன். பரிசல்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மீன் கடைகளில் கல்லைச் சுரண்டிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பகல் முழுவதும் ஜனங்களின் கூச்சலில் கேட்காமல் இருந்த அருவியின் முழுச் சத்தம் அப்போதுதான் காதில் விழுந்தது. கிழக்கே மலை சிவந்து, பாறைச் சுவர்கள் ஊதாவாகி, வௌவால்கள் கிளம்பின. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த ஊரின் மிக அழகான நேரம் அதுதான். அதைப் பார்க்க அங்கே ஒரு ஆள் கிடையாது. ஒரு டீக்கடை திறந்திருந்தது. அதுவும் ஏழரைக்கு அடைத்துவிட்டது.

இரவு பெரியவர் பழைய பதிவேடு ஒன்றை எடுத்துக் காட்டினார். எங்கிருந்து வருகை, எங்கே செல்கிறார், உடன் வந்தோர், தங்கும் நாட்கள் என்று கோடு போட்ட பெரிய புத்தகம். கடைசிக் கட்டத்தில் மூன்று, நான்கு, ஆறு என்றெல்லாம் எழுதியிருந்தது. ஒரு வாரம் ஒகேனக்கலில் தங்கியவர்கள் யார்?

"உடம்பு வலிக்காரங்க சார். பென்ஷன் வாங்கினவங்க. தினம் காலைல எண்ணெய் தேச்சுக் குளிச்சா முட்டி வலி போயிடும்னு டாக்டரே சொல்லி அனுப்புவாரு. கல்யாணம் ஆன ஜோடிங்க. சேலத்து வியாபாரிங்க குடும்பத்தோட. அப்புறம் ஷூட்டிங் கம்பெனி. அவங்க வந்தா மாசக்கணக்குதான்."

சினிமாக்காரர்கள் வந்தது உண்மை. சினி அருவி என்ற பெயரே சாட்சி. 1992-ல் வந்த 'ரோஜா'வின் முதல் பாட்டில் இந்தப் பாறையும் தண்ணீரும் உண்டு. அரசும் அந்தக் காலத்தில் வெறுமனே இருக்கவில்லை. 1971-ல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் தொடங்கி, மாமல்லபுரம், ஊட்டி, கொடைக்கானல், கன்னியாகுமரி என்று ஊர் ஊராகத் 'தமிழ்நாடு ஓட்டல்' திறந்தபோது ஒகேனக்கலுக்கும் ஒன்று வந்தது. நடுத்தரக் குடும்பம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, அறையை முன்பதிவு செய்து, டிரங்குப் பெட்டியோடு நாலு நாள் வந்து தங்குவதற்கு என்று கட்டப்பட்ட காலம் அது. அந்த நாலு நாளை நம்பித்தான் தனியார் விடுதிகளும் பக்கத்தில் முளைத்தன.

அந்த நாலு நாள் எங்கே போயிற்று?

"ரோடு சார்," என்றார் பெரியவர். "முன்னெல்லாம் சாயங்காலம் பஸ்ஸ விட்டா ராத்திரி இங்கதான் கிடக்கணும். இப்ப வண்டி அவங்களோடது. பெங்களூர்ல காலைல டிபன் சாப்ட்டுட்டு வர்றாங்க, ராத்திரி சோத்துக்கு வீட்டுக்குப் போயிடுறாங்க."

நான்குவழிச் சாலை ஊருக்குக் கூட்டத்தைக் கொண்டுவந்தது, விடுதியிலிருந்து கூட்டத்தை எடுத்துப்போய்விட்டது. கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவர்களால் வாழ்ந்த தொழில் இப்போது ஈரத்துணி மாற்றுகிறவர்களால் வாழ்கிறது. வருமானம் ஒன்றும் மோசமில்லை என்றும் பெரியவர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஒரே அறையை நாலு முறை விடலாம். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு வருகிறவன் மெத்தையைப் பற்றிக் கேட்பானா? அதனால் மெத்தை மாற்றப்படவில்லை. சமையற்காரர் தேவையில்லை, நிறுத்தியாயிற்று. தாழ்வாரத்து விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் ஒன்றுதான். இப்படி ஒவ்வொன்றாகப் போய்விட்ட பிறகு, என்னைப் போல் ஒருவன் ராத்திரி தங்க வந்தால் அவனுக்குக் கொடுக்க அங்கே எதுவும் மிச்சமில்லை. அன்று நான் தூங்கியதைப் பற்றி எழுத மாட்டேன்.

இது ஒகேனக்கல் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். நியூயார்க் நகரத்துக்கு வடக்கே, ஏறக்குறைய பெங்களூருக்கும் ஒகேனக்கலுக்கும் உள்ள தூரத்தில், கேட்ஸ்கில் என்ற மலைப்பகுதி இருக்கிறது. மற்ற விடுதிகளில் யூதர்களுக்கு அறை இல்லை என்று கதவடைத்த காலத்தில், நியூயார்க்கின் யூதக் குடும்பங்களுக்கென்றே அங்கே நூற்றுக்கணக்கில் விடுதிகள் எழுந்தன. 1914-ல் ஒரு குடும்பம் வாங்கிய பண்ணை, விருந்தாளிகளுக்கு அறை விடத் தொடங்கி, கிராஸிங்கர்ஸ் என்ற மாபெரும் விடுதியாக வளர்ந்தது. பனி பெய்யாத குளிர்காலத்தில் விருந்தாளி ஏமாந்துவிடக் கூடாது என்று 1952-ல் செயற்கைப் பனியை உண்டாக்கி மலைச்சரிவில் கொட்டினார்கள். கோடை தொடங்கினால் தாயும் பிள்ளைகளும் மாதக்கணக்கில் அங்கே தங்குவார்கள். தகப்பன் வெள்ளிக்கிழமை ராத்திரி வந்து திங்கள் காலை வேலைக்குத் திரும்புவான்.

அப்புறம் மூன்று காரியங்கள் நடந்தன. நகரத்து வீடுகளுக்கு ஏ.சி. வந்தது. விமான டிக்கெட் மலிந்தது. கதவடைத்த மற்ற விடுதிகள் கதவைத் திறந்தன. மூன்றும் நல்ல காரியங்கள்தான். மூன்றும் சேர்ந்து கேட்ஸ்கில் விடுதிகளைக் கொன்றன. கிராஸிங்கர்ஸ் 1986-லும் கன்கார்ட் 1998-லும் மூடப்பட்டன. 1907 முதல் இருந்த குட்ஷர்ஸ் 2014-ல் இடிக்கப்பட்டது. கூரை ஒழுகும் நடன அரங்கிலும் பாசி படர்ந்த நீச்சல் குளத்திலும் புகைப்படக்காரர்கள் படம் எடுத்துப் புத்தகம் போட்டார்கள்.

அங்கே எனக்குப் பிடித்தது சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த சங்கதி. ராத்திரி ஆனால் மேடையில் கோமாளிப் பேச்சுக்காரன் ஏறுவான், வாத்தியக் குழு இசைக்கும், நடனம் நடக்கும். அமெரிக்காவின் பெரிய நகைச்சுவை நடிகர்களில் பலர் அந்த மேடைகளில் உருவானவர்கள். பகலுக்கு மலையும் ஏரியும் எல்லா ஊரிலும் இருக்கும். அறைக்குப் பணம் கொடுக்கிறவன் ராத்திரிக்குத்தான் கொடுக்கிறான் என்பது அந்த விடுதிக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஒகேனக்கலில் விற்பனை எல்லாம் பகலில். எண்ணெய், மீன், பரிசல், குளியல், முதலைப் பண்ணை, மீன் காட்சியகம் அனைத்தும் மாலையோடு முடிகின்றன. ஆறு மணிக்கு மேல் ஒரு காரணமும் இல்லை. தங்கக் காரணமே இல்லாத ஊரில் அறைக்கு வெள்ளையடித்து என்ன பயன்? ஊரை மேம்படுத்தப் பல கோடி ரூபாயில் திட்டங்கள் வருகின்றன, வரட்டும், நடைபாதையும் கழிப்பறையும் வேண்டியவைதான். அவை பகலுக்கு.

இதற்குப் பதில் அதே காவிரியின் குடும்பத்திலேயே இருக்கிறது. கபினி. காவிரியின் உபநதி, அணை 1974-ல் கட்டி முடிந்தது. 1980-ல் கர்நாடக அரசு ஜங்கிள் லாட்ஜஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, மைசூர் மகாராஜாவின் பழைய வேட்டை பங்களாவைக் கபினி ரிவர் லாட்ஜ் ஆக்கியது. ஜான் வேக்ஃபீல்ட் என்ற பழைய ராணுவக் கர்னல் 2010-ல் சாகும்வரை அங்கேயே இருந்து அதை வளர்த்தார். இதுவும் அரசு விடுதிதான், நம் ஆட்கள் 'அரசு நடத்தினால் உருப்படாது' என்று சொல்வதற்கு மறுப்பாக நிற்கிறது. அங்கே ஒரு சின்னத் தந்திரம். காட்டுக்குள் ஒரு சவாரி சாயங்காலம், இன்னொரு சவாரி மறுநாள் விடிகாலை. இரண்டையும் சேர்த்துத்தான் கட்டணம். நடுவே ராத்திரி வந்துவிடுகிறது. தங்கித்தான் ஆக வேண்டும்.

இரண்டு ஊரையும் ஒரே தண்ணீர் எப்படி நடத்துகிறது என்று பாருங்கள். கோடையில் கபினி அணை வற்றினால் புல்வெளி தெரியும், யானைகள் கூட்டம் கூட்டமாக வந்து நிற்கும், விடுதி நிறையும். ஆனி, ஆடியில் கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பி மதகைத் திறந்தால், அந்தத் தண்ணீர் பிலிகுண்டுலு வழியாக ஒகேனக்கலுக்கு வந்து, குளிக்கத் தடை, பரிசலுக்குத் தடை. 2018 ஆகஸ்டில் விநாடிக்கு 2 லட்சம் கன அடியைத் தாண்டியபோது அருவிகளே தெரியவில்லை, எல்லாம் ஒரே செம்மண் வெள்ளம். வாரக்கணக்கில் யாரும் குளிக்க முடியவில்லை. பெரியவரின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டில் அன்றைய நீர்வரத்து எழுதியிருந்தது. மற்ற விடுதிகளில் அறை வாடகைப் பட்டியல் இருக்கும் இடம் அது. "இந்த நம்பர் ஏறுனா என் நம்பர் இறங்கிடும் சார்," என்றார். கடைமடையில் நாங்களும் அதே எண்ணைத்தான் செய்தியில் காத்திருந்து கேட்கிறோம். ஏறினால் எங்களுக்குக் கொண்டாட்டம் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் விடியற்காலை ஒரு பரிசல்காரரோடு கரையில் நடந்தேன். தொழில் தொடங்க நேரம் இருந்தது. மூங்கில் பிளாச்சால் பின்னிய பரிசலுக்கு முன்பெல்லாம் தோல் போர்த்துவார்கள், இப்போது பிளாஸ்டிக் ஷீட்டும் தாரும் என்று சொல்லிக்கொண்டு வந்தவர், சட்டென்று கையைக் காட்டினார். தண்ணீர் ஓரத்தில் பழுப்பாக நாலைந்து தலைகள். நீர்நாய்கள். ஒன்று மீனைக் கவ்விக்கொண்டு பாறையில் ஏறி, எங்களைப் பார்த்துவிட்டு, பயப்படாமல் தின்றது. மற்றவை ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி கீச்சிட்டபடி போயின. "தினம் இந்த நேரத்துக்குப் போவுங்க," என்றார் அவர், ஏதோ பால்காரரைப் பற்றிச் சொல்கிற அலட்சியத்தோடு. முந்தைய நாள் வந்த ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர்கூட இதைப் பார்த்திருக்க முடியாது.

2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டரைக் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். யானை, நாலு கொம்பு மான், சாம்பல் நிற மலை அணில், நீர்நாய், சதுப்பு முதலை, மெல்லோட்டு ஆமை என்று பெரிய பட்டியல். இந்தக் காட்டோரத்தில் ராத்திரி ஒலிபெருக்கியும் வண்ண விளக்கும் வைத்துக் கூட்டம் சேர்ப்பது அநியாயம். நான் கேட்கிற ராத்திரி அதுவல்ல. சாயங்காலம் ஒரு நடை, விடிகாலை ஒரு நடை, இரண்டுக்கும் ஊர்க்காரரே வழிகாட்டி. அது போதும், நடுவில் ஒரு படுக்கை விற்றுவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கபினி மாதிரி ஆக்குகிறேன் என்று யாராவது கிளம்பினால் எனக்குப் பயமாக இருக்கும். கபினியில் ஒரு ராத்திரிக்கு ஆகும் செலவில் ஒரு வேன் குடும்பம் ஒகேனக்கல் வந்து மீன் தின்று திரும்பலாம். தமிழ்நாட்டில் பணமில்லாதவன் கூச்சப்படாமல் வந்து, மேல்சட்டையைக் கழற்றிவிட்டு, பணக்காரனுக்குப் பக்கத்தில் அதே தண்ணீரில் நிற்கும் இடங்கள் இரண்டு மூன்றுதான் மிச்சம். குற்றாலம் ஒன்று, இது ஒன்று. விடுதி பிழைக்க வேண்டும் என்பதற்காக அந்தப் பாறைக்கு வேலி போட்டுவிடக் கூடாது.

குளிக்கப் போகும்முன் எண்ணெய் தேய்த்துக்கொண்டேன். தேய்த்தவருக்கு அறுபதுக்கு மேல் வயது, விரல்கள் ஒவ்வொன்றும் இரும்பு. முதுகில் ஒவ்வொரு முடிச்சையும் கண்டுபிடித்து நசுக்கிக்கொண்டிருந்தபோது, வலியை மறக்க அவருக்குக் கேட்ஸ்கில் கதையைச் சொன்னேன். இடிக்கப்பட்ட அந்தக் குட்ஷர்ஸ் விடுதி இருந்த இடத்தை வாங்கியது ஜீ தொலைக்காட்சி தொடங்கிய சுபாஷ் சந்திராவின் நிறுவனம். 2018-ல் அங்கே யோ1 என்று ஒரு புதிய விடுதி திறந்தார்கள்; யோகா, ஆயுர்வேதம், எண்ணெய்த் தேய்ப்பு. செத்துப்போன அமெரிக்க விடுதியை எழுப்ப நம் ஊர் எண்ணெய் போயிருக்கிறது, டாலரில் வாங்குகிறார்கள் என்றேன்.

அவர் கையை நிறுத்தவில்லை. "என்ன எண்ணெய் போடுறாங்க?"

தெரியாது என்றேன்.

"அங்க அருவி இருக்குதா?"

"இல்லைங்க. ஷவர்தான் இருக்கும்."

"அப்ப பிசுக்கு எப்படிப் போகும்?" என்று கேட்டுவிட்டு, என் தோளைத் திருகி அடுத்த பக்கம் போட்டார். அவரைப் பொறுத்தவரை அமெரிக்கா விஷயம் அதோடு முடிந்தது.

பகல் பரிசல் சவாரியைப் பற்றி ஒரு வரி. இரண்டு பக்கமும் செங்குத்தாகப் பாறைச் சுவர் நிற்க, வட்டக் கூடையில் உட்கார்ந்து அந்தக் கறுத்த பள்ளத்துக்குள் சுற்றிச் சுற்றிப் போகும்போது, இந்தத் தண்ணீர் மேட்டூரில் நின்று, கல்லணையில் பிரிந்து, எங்கள் துலாக்கட்டத்தில் அம்மாக்களின் காதோலைக் கருகமணியை வாங்கிக்கொள்ள வருகிறது என்பதை என்னால் ஒத்துக்கொள்ளவே முடியவில்லை.

அறையைக் காலி செய்யும்போது என் யோசனைகளைப் பெரியவரிடம் ஒப்பித்தேன். நீர்நாய் நடை அவருக்குப் பிடித்திருந்தது, 'நம்ம பரிசல்காரப் பசங்கதான், ஏற்பாடு பண்ணிடலாம்' என்றார். வனத்துறையிடம் அனுமதி வாங்குவதுதான் வேலை என்றும் சொன்னார். அடுத்து, கேட்ஸ்கில் மேடை ஞாபகத்தில், ராத்திரிக்குத் தெருக்கூத்து வைக்கலாமே என்றேன். தருமபுரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து இன்னும் உயிரோடு இருக்கிறது. பங்குனி, சித்திரையில் ஊர் ஊராக ஆடுகிறார்கள். வெளியூர்க்காரன் அதற்காகவே தங்குவான்.

பெரியவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "கூத்து பாத்திருக்கீங்களா சார்? பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சா விடியற வரைக்கும் நடக்கும். விடியற வரைக்கும் ஜனம் தரையில உக்காந்து பாக்கும். அப்ப ரூம யாரு எடுப்பாங்க?"

ஒன்பது மணிக்குள் முடிகிற மாதிரி, ஒரு காட்சி மட்டும் ஆடச் சொல்லலாம் என்றேன்.

"அது கூத்தே இல்ல." வாளிப் பையன் குறுக்கே புகுந்தான். அவன் மாமா துரியோதனன் வேஷம் கட்டுகிறவராம். சுருக்கி ஆடச் சொன்னால் தலையில் கிரீடத்தை வைக்கக்கூட உட்கார மாட்டாராம். பெரியவர், மாமாவுக்கு ஒரு ராத்திரிக்கு என்ன கொடுப்பார்கள் என்று கேட்டார். பையன் சொன்ன தொகையை மனத்துக்குள் அறை வாடகையால் வகுத்துப் பார்த்தார். பாதி ராத்திரி ஆட்டத்துக்குப் பாதிதானே ஆகும் என்றார். வேஷம் போட அதே மூணு மணி நேரம் ஆகும், அதனால் முழுசுதான் என்றான் பையன். வாசலில் அன்றைய முதல் வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. இரண்டு பேரும் அதைக் கண்டுகொள்ளாமல், ஞாயிறு வேண்டாம், சனிக்கிழமை வைக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.